மாதிரியோடு வரவேண்டிய தாள்

(கால்நடை நோய் கண்டறியும் ஆய்வகங்களில் பணியாளர் பாதுகாப்பு குறித்து நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புதிய தடுப்பூசிகளைப் பற்றியோ மரபணு ஆய்வுகளைப் பற்றியோ பேசியிருந்தால் இந்த மாலைப் பொழுது இன்னும் சுவையாகக் கழிந்திருக்கும். அந்த ஆய்வுகளுக்குப் பின்னால் ரத்தக் குழாயின் மூடியைத் திறக்கிறவர், இறந்த உடலை அறுக்கிறவர், அறுத்த மேசையைக் கழுவுகிறவர் என்று சிலர் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் நலமாக வீடு திரும்ப என்ன வேண்டும் என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள். நோய்க்குறியியல் துறையில் காலம் கழித்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன். கசப்பான சில செய்திகளும் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அறிந்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர்

கிருமிகளை வைத்து ஆராய்ச்சி நடத்தும் கூடம் வேறு, நோயைக் கண்டறியும் கூடம் வேறு. ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவருக்குத் தன் குப்பியில் இருப்பது என்னவென்று தெரியும். எந்தக் கிருமியை எந்த எலிக்கு எந்த நாளில் எவ்வளவு செலுத்தினார் என்பது பதிவேட்டில் இருக்கும். அதற்கேற்ற ஏற்பாடுகளை அவர் முன்கூட்டியே செய்துகொள்ளலாம். நோய் கண்டறியும் கூடத்துக்கு அந்த வசதி கிடையாது. என்ன நோய் என்று தெரியாததால்தானே மாதிரி அங்கே வருகிறது? தெர்மாகோல் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், வெறிநோய் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஆராய்ச்சி விலங்கின் மாதிரி இந்த இரண்டு கூடங்களுக்கும் இடையே பயணம் செய்கிறது. விலங்குக் கூடத்தில் ஒரு குரங்கு திடீரென இறந்துபோகிறது. ஒரு வரிசைக் கூண்டுகளில் முயல்கள் தீனி எடுக்க மறுக்கின்றன. பரிசோதனைக்கு வாங்கிய சினை ஆடு குறைமாதத்தில் குட்டி வீசுகிறது. காரணம் அறிய ரத்தமோ திசுவோ, சில வேளை முழு உடலோ நோய் கண்டறியும் ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. உடல் வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த உடலைப் பற்றிய அறிவு அனுப்பிய இடத்திலேயே தங்கிவிடுகிறது. விலங்கு எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டது, ஏற்றிய கிருமி எது, மரபணு மாற்றப்பட்ட விலங்கா, கதிரியக்கப் பொருளோ புற்றுநோய் மருந்தோ செலுத்தப்பட்டதா என்ற கேள்விகளுக்கு உடன் வரும் தாளில் விடை இருப்பது அபூர்வம். இனம், எண், தேதி, 'இறப்புக்கான காரணம் கண்டறிய வேண்டும்' என்ற ஒரு வரி. பெரும்பாலும் அவ்வளவுதான்.

கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் முந்திய பாதுகாப்புக் கருவி, மாதிரியோடு வரவேண்டிய அந்தத் தாள்தான் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் படிக்கிறார், படித்ததை யாருக்குச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே மற்ற எல்லாப் பாதுகாப்பும் அமைகிறது. கடந்த நூறு ஆண்டுகளில் நடந்த சில நிகழ்வுகளை இந்தக் கண்ணோட்டத்தில் பார்ப்போம்.

மார்பர்க், 1967

1967 ஆகஸ்ட் மாதம். அன்றைய மேற்கு ஜெர்மனியின் மார்பர்க் நகரில் பேரிங்வெர்க்கே என்ற தடுப்பூசி நிறுவனத்தின் ஊழியர்கள் சிலர் கடும் காய்ச்சலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். தலைவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று தொடங்கிய நோய், சிலருக்கு உடலின் பல இடங்களிலும் ரத்தக் கசிவாக முற்றியது. ஏறத்தாழ அதே நாட்களில் ஃபிராங்ஃபர்ட்டில் பால் எர்லிக் நிறுவனத்திலும், அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும் இதே நோய் தென்பட்டது. மூன்று ஊர்களுக்கும் பொதுவாக இருந்தவை உகாண்டாவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்குகள். தடுப்பூசித் தயாரிப்புக்கான செல் வளர்ப்புக்கு அவற்றின் சிறுநீரகங்கள் தேவைப்பட்டன.

31 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்தார்கள். மூன்று மாதங்களுக்குள் கிருமி இனங்காணப்பட்டது. உலகம் அதுவரை அறியாத வைரஸ் அது. நகரின் பெயரே அதற்கும் ஆயிற்று. பின்னாளில் கண்டறியப்பட்ட எபோலாவின் நெருங்கிய உறவு.

யாருக்கு நோய் வந்தது என்று விசாரித்தபோது, விலங்குகளிடமிருந்து நேரடியாகத் தொற்றியவர்கள் எல்லாரும் அவற்றின் ரத்தத்தையோ உறுப்புகளையோ செல் வளர்ப்புகளையோ தொட்டவர்கள் என்று தெரிந்தது. குரங்கை அறுத்தவர்கள் இருந்தார்கள், சிறுநீரகத்தை எடுத்தவர்கள் இருந்தார்கள், பயன்படுத்திய கண்ணாடிக் கலங்களைக் கழுவியவர்களும் இருந்தார்கள். பெல்கிரேடில் நோயுற்றவர் இறந்த குரங்கை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர். அவரிடமிருந்து நோய் அவருடைய மனைவிக்கும் போயிற்று.

அந்தக் குரங்குகளை யாரும் நோயாளிகளாகப் பார்க்கவில்லை, சிறுநீரகம் தரும் மூலப்பொருளாகவே பார்த்தார்கள். வந்த கூட்டத்தில் சில இறந்தபோதும், தொலைதூரப் பயணத்தில் அப்படி நேர்வது இயல்பு என்று எண்ண இடமிருந்தது. ஆராய்ச்சிக்கென்று வரும் விலங்கு சுத்தமானது என்ற எண்ணம் ஆய்வக மனத்தில் இன்றைக்கும் உண்டு. மார்பர்க் அந்த எண்ணத்தை உடைத்து 50 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கலங்களைக் கழுவியவர்களை நான் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர்களிடம் பிறகு வருகிறேன்.

நலமான குரங்கும் பி வைரஸும்

1932இல் நியூயார்க்கில் வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவரைப் போலியோ ஆராய்ச்சிக்கான ரீசஸ் குரங்கு ஒன்று கையில் கடித்தது. பார்வைக்கு நலமான குரங்கு. சில நாட்களில் அவருக்கு நரம்பு மண்டலம் முழுவதும் நோய் ஏறி, மூச்சு நின்று இறந்தார். அவருடைய திசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான் பி வைரஸ். ஆல்பர்ட் சேபின் அதை ஆராய்ந்து 1934இல் எழுதினார். பின்னர் வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தால் உலகறிந்த அதே சேபின்.

ரீசஸ் உள்ளிட்ட மக்காக் இனக் குரங்குகளுக்கு இது நமக்கு உதட்டோரம் வரும் அக்கிக் கொப்புளம் போன்ற சிறு தொல்லைதான். ஆயுள் முழுக்க அவற்றின் உடலில் உறங்கிக் கிடந்து, அவ்வப்போது எச்சிலில் வெளிப்படும். மனிதனுக்கு வந்தால், மருத்துவம் கிடைக்காத நிலையில் பத்தில் ஏழெட்டுப் பேர் இறந்துபோகிறார்கள்.

1997 அக்டோபர் இறுதியில் அட்லாண்டா நகரில் எமரி பல்கலைக்கழகத்தின் யெர்க்ஸ் குரங்கின ஆய்வு மையத்தில் எலிசபெத் கிரிஃபின் என்ற 22 வயதுப் பெண் ரீசஸ் குரங்கு ஒன்றைக் கூண்டு மாற்றிக்கொண்டிருந்தார். அதன் உடலிலிருந்து ஏதோ ஒரு துளி அவர் கண்ணில் தெறித்தது. கடியும் இல்லை, கீறலும் இல்லை. கூண்டு மாற்றும் வேலைக்குக் கண்கவசம் தேவை என்று அந்நாளில் கருதப்படவில்லை. டிசம்பர் 10 அன்று அவர் இறந்தார். அந்தத் துளிக்குப் பிறகே, குரங்குகளோடு வேலை செய்வோரின் கண்களையும் காக்க வேண்டும் என்ற அறிவுரை அமெரிக்காவில் அழுத்தம் பெற்றது. அவர் பெயரால் குடும்பத்தார் நிறுவிய அறக்கட்டளை உயிரிப் பாதுகாப்புப் பயிற்சிக்காக உழைத்தது. அறக்கட்டளைச் சொற்பொழிவு ஒன்றில் இதைச் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2021 மார்ச்சில் பெய்ஜிங்கில் குரங்கு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் 53 வயதுக் கால்நடை மருத்துவர் இறந்த இரண்டு குரங்குகளை அறுத்துப் பார்த்தார். ஒரு மாதம் கழித்துக் குமட்டலும் வாந்தியும் தொடங்கின. பல மருத்துவமனைகளுக்குச் சென்றும் பயனின்றி மே மாத இறுதியில் இறந்தார். சீனாவில் பதிவான முதல் பி வைரஸ் மனித நோயாளி அவர்தான்.

பி வைரஸுக்கு ஓரளவு தற்காப்பு உண்டு. கடியோ தெறிப்போ நேர்ந்தவுடனே அந்த இடத்தை 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். அசைக்ளோவிர் போன்ற மருந்துகளை உரிய நேரத்தில் தொடங்கினால் உயிர் காக்கலாம். ஆனால் வந்த மாதிரி மக்காக் குரங்கினுடையது என்பதும், மக்காக் என்றால் பி வைரஸ் என்பதும் தெரிந்தவருக்கே அந்த 15 நிமிடத்தின் அருமை தெரியும். குழாயில் வெறும் எண் மட்டும் ஒட்டி அனுப்பினால், பெறுகிறவர் கையை உதறிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

விபத்தே நடக்காத விபத்துகள்

ஆய்வகத் தொற்று என்றதும் உடைந்த குப்பியும் குத்திய ஊசியும் நினைவுக்கு வருகின்றன. கணக்கு வேறு விதமாக இருக்கிறது. அமெரிக்கர் ராபர்ட் பைக் 1976இல் தொகுத்த பட்டியலில் உலகின் ஆய்வகங்களில் நேர்ந்த 3,921 தொற்றுகள் இருந்தன. அவற்றில் இன்ன விபத்தால் வந்தது என்று சொல்லக்கூடியவை ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவர்களுக்கு எதுவும் நடந்ததாகவே நினைவில்லை. காற்றில் மிதந்த நுண்துளிகளைச் சுவாசித்திருக்கலாம் என்பதே பெரும்பாலும் ஊகம். அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நின்ற நோய், கால்நடைத் துறைக்கு மிக நெருக்கமான புருசெல்லோசிஸ்.

நுண்துளி எப்படி உண்டாகிறது? பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளும்போது உண்டாகிறது. சென்ட்ரிஃப்யூஜ் சுழன்று நின்றவுடன் மூடியைத் திறக்கும்போதும், திசுவை அரைக்கும்போதும் உண்டாகிறது. 1972இல் டெக்சாஸில் ஒருவர் வெறிநோய் கண்ட ஆட்டின் மூளையை மின்சார அரைப்பானில் அரைத்தார். எந்த நாயும் அவரைக் கடிக்கவில்லை, வெறிநோயில் இறந்தார். நாய்க்கடியை மட்டுமே வெறிநோயோடு சேர்த்துப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு எச்சரிக்கை.

அந்த நோயின் கிருமியான புருசெல்லா உடலில் தொற்றச் சில பத்துக் கிருமிகளே போதும். வளர்ப்புத் தட்டில் அது மெதுவாக வளரும். தானியங்கிக் கருவிகள் சில வேளை அதைத் தீங்கற்ற வேறொரு கிருமியாகக் காட்டிவிடும். தட்டைத் திறந்து மோந்து பார்த்துக் கிருமியை அடையாளம் காணும் பழக்கம் என் தலைமுறை நுண்ணுயிரியலாளர்களிடம் பரவலாக இருந்தது. அனுபவத்தின் அடையாளம் என்று அதை மெச்சினார்கள். புருசெல்லா தட்டை அப்படி மோந்தவர்களுக்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் கழித்து விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் கிடைத்தன.

2010 டிசம்பரில் சீனாவின் ஹார்பின் நகரில் வடகிழக்கு வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் வகுப்பறைப் பயிற்சிக்காக நான்கு வெள்ளாடுகளை அறுத்தார்கள். 27 மாணவர்களுக்கும் ஓர் ஆசிரியருக்கும் புருசெல்லோசிஸ் வந்தது. அந்த ஆடுகளை வாங்கும்போது நோயின்மைச் சான்று கேட்டுப் பெறவில்லை என்பது விசாரணையில் வெளிப்பட்டது. இங்கும் வராமல் போனது ஒரு தாள்தான்.

2019 கோடையில் லான்ஷோ நகரில் கால்நடைகளுக்கான புருசெல்லா தடுப்பூசி தயாரிக்கும் ஆலை ஒன்று காலாவதியான கிருமிநாசினியைப் பயன்படுத்தியது. ஆலையின் கழிவுக் காற்று முழுமையாகக் கிருமி நீக்கப்படாமல் வெளியேறி, காற்றடித்த திசையில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் மேல் படிந்தது. முதலில் அங்கிருந்த மாணவர்களும் ஊழியர்களும் சோதனையில் சிக்கினார்கள். மறு ஆண்டு செப்டம்பருக்குள் நகரில் உறுதிசெய்யப்பட்டவர்களின் எண்ணிக்கை 3,245. தாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று தெரிந்து பாதுகாத்துக்கொண்டவர்களைவிட, பக்கத்து வளாகத்தில் எதுவும் அறியாமல் நடமாடியவர்களே அதில் அதிகம் அல்லல்பட்டார்கள்.

ஒரு குத்தல், ஏழரை ஆண்டு

தகவல் தெரிந்திருந்தால் மட்டும் போதும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸில் 2010 மே மாதம் ஒரு பொது ஆராய்ச்சி நிறுவனத்தில் 24 வயதுப் பெண் நுட்பநர் ஒருவர் உறைந்த திசுக்களைச் சீவும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூளையைச் சிதைக்கும் பிரியான் நோய் ஏற்றப்பட்ட மரபணு மாற்ற எலிகளின் மூளைத் திசு அதில் சீவப்பட்டிருந்தது. வளைந்த இடுக்கியின் முனை இரண்டு அடுக்குக் கையுறைகளையும் தாண்டிப் பெருவிரலில் குத்தியது, ரத்தம் வந்தது. ஏழரை ஆண்டு கழித்துத் தோளிலும் கழுத்திலும் எரிச்சல் தொடங்கியது. 2019இல், 33 வயதில், அவர் இறந்தார். அவருக்கு வந்தது 'பைத்திய மாட்டு நோய்' வகைப் பிரியான் என்று உறுதியானது. 2021இல் பிரான்ஸின் பொது ஆராய்ச்சி நிறுவனங்கள் பிரியான் ஆய்வுகளைச் சில காலம் நிறுத்தி வைத்தன.

அவருக்கு மாதிரியில் என்ன இருந்தது என்று தெரியும். இரண்டு கையுறையும் அணிந்திருந்தார். லேடெக்ஸ் கையுறை கூர்முனைக்குத் தடையாகாது. குத்தலைத் தாங்கும் கையுறை வேண்டும், அல்லது கூர்முனையே இல்லாத இடுக்கி வேண்டும். தொழிற்பாதுகாப்பில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தை முதலில் அகற்று. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததை வை. அதன்பின் மனிதனுக்கும் ஆபத்துக்கும் நடுவே பொறியியல் தடுப்பை வை. அதன்பின் வேலை முறையைத் திருத்து. கையுறையும் முகக்கவசமும் எல்லாவற்றுக்கும் கடைசி. நம் ஆய்வகங்களில் இந்த வரிசை தலைகீழாக நிற்கிறது. பொறியியல் தடுப்பான பயோசேஃப்டி கேபினெட் பழுதாகி ஓராண்டாகச் சரிசெய்யப்படாமல் நிற்கும், 'கையுறை போட்டாயா?' என்று மட்டும் நுட்பநரைக் கேட்போம்.

பந்திப்பூர்

நமக்கு அருகிலேயே ஒரு நிகழ்வு. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின்னாலேயே மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தது. உண்ணிகளால் பரவும் கியாசனூர் காட்டு நோய் அப்படித்தான் தெரியவந்தது. அந்த வைரஸ் ஆய்வகப் பணியாளர்களைத் தொற்றியதும் பதிவாகியிருக்கிறது.

2012 இறுதியில், முதுமலைக்கு அடுத்திருக்கும் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் குரங்குகள் இறந்தன. அவற்றை அறுத்துப் பார்க்கவும் எரிக்கவும் துணைநின்ற பணியாளர்கள் சிலர் அந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். குரங்கு இறந்ததும் அதன் உடல் குளிர்கிறது; அதைப் பற்றியிருந்த உண்ணிகள் அடுத்த சூடான உடலைத் தேடி இறங்குகின்றன. உடலைத் தூக்க வந்தவர்தான் அந்த அடுத்த உடல். அறுக்கும் மருத்துவருக்குக் கையுறையும் மேலங்கியும் கிடைக்கலாம். உடலைச் சுமந்து வருபவருக்கும் விறகு அடுக்குபவருக்கும் என்ன கிடைக்கிறது என்று கேட்டால் நம்மிடம் விடை இருப்பதில்லை.

மார்பர்க்கில் கண்ணாடிக் கலங்களைக் கழுவியவர்களும் பந்திப்பூரில் குரங்குகளை எரித்தவர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வு அறிக்கையில் இவர்கள் பெயர் வராது. தடுப்பூசிப் பட்டியலிலும் பல இடங்களில் வருவதில்லை. தாளைப் படித்த பேராசிரியர் மாணவருக்குச் சொல்வார், மாணவர் நுட்பநருக்குச் சொல்வார், மேசையைக் கழுவ வரும் அம்மாவிடம் யாரும் சொல்வதில்லை. ஒப்பந்தப் பணியாளராக இருந்தால் அவர் யாருடைய பொறுப்பு என்பதிலேயே குழப்பம்.

மெல்லக் கொல்லும் சில

தொற்று அல்லாதவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலி, சுண்டெலிகளின் சிறுநீரில் உள்ள புரதம் தூசியோடு மூக்கில் ஏறினால் ஒவ்வாமை உண்டாகும். தும்மலில் தொடங்கி ஆஸ்துமாவில் முடியும். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் தலைகாட்டும். 'சளி பிடித்திருக்கிறது' என்று தள்ளிவிடுவதால் முற்றிவிடுகிறது. திசுக்களைப் பாதுகாக்கும் ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அருங்காட்சியக அறையில் கண் எரிய நின்று பாடம் கேட்பதை மாணவப் பருவத்தின் இனிய நினைவாகச் சொல்வதை இனி நாம் விட்டுவிடலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் தாள். ஆராய்ச்சி விலங்கின் மாதிரியோடு வரும் படிவத்தில் எட்டுச் செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும். விலங்கின் இனம், வந்த இடம், தனிமைப்படுத்திய நாட்கள், ஏற்றிய கிருமி அல்லது மருந்து, மரபணு மாற்றம், நோய்க்குறிகள், அதே கூடத்தில் நோயுற்ற மனிதர்கள் உண்டா என்பது, பொறுப்பாளரின் கைபேசி எண். ஏழாவது கேள்வியை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. அதுதான் மிக முக்கியமானது.

அந்தத் தாளை வைக்கும் இடமும் முக்கியம். மாதிரிக் குழாயைச் சுற்றித் தாளை வைத்து ரப்பர் பேண்ட் போடுவது நம் வழக்கம். குழாய் கசிந்தால் ரத்தம் ஊறிய தாள் பதிவு மேசைக்கு வரும், எழுத்தர் அதைக் கையால் பிரிப்பார். மூன்றடுக்குப் பொதிமுறையில் இதற்கு விடை இருக்கிறது. கசியாத குழாய் முதல் அடுக்கு. அதைச் சுற்றி ஈரம் உறிஞ்சும் பஞ்சு. அதை மூடும் கசியாத கலம் இரண்டாம் அடுக்கு. உறுதியான வெளிப்பெட்டி மூன்றாவது. விவரத் தாள் இரண்டாம் அடுக்குக்கும் மூன்றாம் அடுக்குக்கும் நடுவே இருக்க வேண்டும். மாதிரியைத் தொடாமலே தாளைப் படிக்கலாம். படித்த பிறகு எங்கே, எப்படித் திறப்பது என்று முடிவு செய்யலாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 'தாள் இல்லை என்று மாதிரியைத் திருப்பினால் கொள்ளைநோயை எப்படிக் கண்டறிவது? கிராமத்து மருத்துவர் எட்டுச் செய்திக்கு எங்கே போவார்?' நியாயமான கேள்வி. கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கு வயலிலிருந்து வரும் மாதிரிக்கு நான் அந்த நிபந்தனை விதிக்கவில்லை. அங்கே அனுப்புகிறவருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே எல்லா மாதிரியையும் ஆபத்தானதாகக் கொண்டு கையாள வேண்டும். திடீரென மாடு இறந்து துவாரங்களில் உறையாத ரத்தம் வந்தால் உடலை அறுக்காமல் காதுச் சிரையிலிருந்து ரத்தத் தடவல் மட்டும் எடு என்று அடைப்பானுக்கு நாம் கற்பிப்பது இந்த அடிப்படையில்தான். ஆராய்ச்சி விலங்கின் நிலை வேறு. அதை அனுப்புகிறவருக்கு எல்லாம் தெரியும், பதிவேடு அவர் மேசையில் இருக்கிறது. தெரிந்தும் எழுதாமல் அனுப்புவதற்கு எந்தச் சாக்கும் இல்லை.

அடுத்தது, வேலைக்குச் சேரும் நாளிலேயே ஒவ்வொருவரின் ரத்தநீரையும் எடுத்து உறைநிலையில் சேமிப்பது. பிற்பாடு காய்ச்சல் வந்தால், முன்பே இருந்ததா, இங்கே வந்ததா என்று ஒப்பிட அது ஒன்றே சான்று. புருசெல்லா தட்டைத் தெரியாமல் திறந்துவிட்டால் டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் மூன்று வாரம் கொடுத்து, 24 வாரம் ரத்தத்தைக் கண்காணிக்கும் முறை இருக்கிறது. வெறிநோய்க்கு முன்கூட்டிய தடுப்பூசி இருக்கிறது. எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று காலமுறையில் சோதிக்கவும் வழி இருக்கிறது. பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் நாயின் தலையைப் பிடித்துக்கொடுக்கும் உதவியாளருக்கும் இவை உண்டா என்பதே என் கேள்வி.

மூன்றாவது, நேரவிருந்து தப்பிய விபத்துகளை எழுதி வைப்பது. கையுறை கிழிந்தது, குழாய் உடைந்தது, ஊசி உரசியது போன்றவற்றைச் சொன்னால் திட்டு விழும் என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படித் திட்டும் மேலாளர் ஒருவர் இருந்த ஆய்வகத்தில் விபத்துப் பதிவேடு பல ஆண்டுகள் வெள்ளையாகவே இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெற்றுப் பதிவேடு பாதுகாப்பின் சான்று ஆகாது, அச்சத்தின் சான்று.

சட்டம் சொல்வது

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை நிறுவனங்களுக்கும் விலங்குக் கூடங்களுக்கும் நோய்க்குறியியல் ஆய்வகங்களுக்கும் பொருந்தும். பரிசோதனை விலங்குகளின் உடல்களையும் உறுப்புகளையும் மஞ்சள் பையில் இட வேண்டும். கிருமி வளர்ப்புகளை வெளியே அனுப்பும் முன் அந்த இடத்திலேயே கிருமி நீக்க வேண்டும். கழிவைக் கையாள்வோருக்கு ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும், வேலைக்குச் சேரும்போதும் பின் ஆண்டுக்கு ஒரு முறையும் உடல் பரிசோதனையும் தர வேண்டும். விபத்தை அறிவிக்க அந்த விதிகளின் முதல் படிவமே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆபத்தான நுண்ணுயிர்களைக் கையாளும் நிறுவனங்களில் உயிரிப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதிகளின் ஏற்பாடு.

இவ்வளவும் இருந்தும், ஒரு விலங்குப் பரிசோதனைக்கு அனுமதி கேட்கும்போது அதன் மாதிரிகள் பின்னர் எங்கே போகும், அங்கே யார் திறப்பார் என்ற கேள்வியை நாம் போதுமான அளவு எழுப்புவதில்லை. அனுமதி தரும் குழுக்கள் அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். விலங்கின் வலியைக் கேட்கும் நாம், அந்த விலங்கை அறுக்கும் மனிதரின் ஆபத்தையும் கேட்பதில் தவறில்லை.

நிறைவாக மூன்று வேண்டுகோள்கள். ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்களே, உங்கள் விலங்கின் மாதிரியை வேறொரு கூடத்துக்கு அனுப்பும் முன் படிவத்தை நீங்களே நிரப்பிக் கையொப்பமிடுங்கள், மாணவரிடம் தள்ளிவிடாதீர்கள். நிர்வாகிகளே, அடுத்த நிதியாண்டின் கருவிப் பட்டியலில் புதிய இயந்திரத்துக்கு முன்னால், பழுதான கேபினெட்டின் பராமரிப்பையும் ஒப்பந்தப் பணியாளர்களின் தடுப்பூசியையும் எழுதுங்கள். மாணவர்களே, நுட்பநர்களே, உதவியாளர்களே, ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து தாள் இல்லாமல் ஒரு பெட்டி வந்தால் அதைத் திறக்காதீர்கள். தொலைபேசியை எடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சொல்வது அனுப்பியவரின் கடமை. விடை கிடைக்கும் வரை அந்தப் பெட்டி மூடியே இருக்கட்டும்.